கிணற்று மேட்டில் ஒரு சவரம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளா, ஆயுத பூஜைக்குத் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தபோது உங்கள் வரிசையைப் பார்த்தேன். பாதிப் பேர் முகத்தில் தாடி. அதுவும் சோம்பலில் வளர்ந்த தாடி இல்லை. கடையில் உட்கார்ந்து ஓரம் கத்தரித்து, எண்ணெய் தடவி மினுக்கிய தாடி. எனக்குத் திக்கென்றது. கேட்டதற்கு உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தாடியில என்ன சார் இருக்கு? பழைய ஆபீசருக எல்லாம் இதையேதான் சொல்றீக" என்றார். பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருந்தால் பூஜை நாளில் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தாடி வைத்தவன் ஒழுங்கில்லாதவன், மழுங்கச் சிரைத்தவன் யோக்கியன் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. அப்படி நினைத்த மேலதிகாரிகளிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வண்டி ஓட்டுநர் காதர் பாய் உத்தமபாளையத்துக்காரர். வேலைக்கு வந்த முதல் நாளே என்னிடம், "சார், தாடி எங்க மார்க்கத்துல உள்ளது. மாஸ்க் போடுற வேலைய மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துருங்க. வண்டியும் பம்பும் எம்பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். முறையாக அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். சொன்னபடியே கடைசி வரை வேலை பார்த்தார். எனக்கு அவரால் ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை.

ஒரு தடவை ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "என்னய்யா இது, ஸ்டேஷனா, சாமியார் மடமா?" என்று என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். கார்த்திகை மாதம் வந்தது. குமுளி போகிற கார் ஒன்று நிலையத்து வாசலில் நின்றது. கறுப்பு வேட்டி, கழுத்து நிறைய மாலை, முகத்தை மூடின தாடியோடு ஒரு சாமி இறங்கித் தண்ணீர் கேட்டார். பாய் ஓடிப்போய் விறைப்பாக சல்யூட் அடித்தார். அட, அதே அதிகாரி! எனக்கு வாய் பிளந்துவிட்டது. அவர் போன பிறகு, "எப்படி பாய் கண்டுபிடிச்சீக?" என்றேன். "கொரல வச்சுத்தான் சார். அன்னைக்குத் திட்டுனது இன்னும் காதுக்குள்ளயே கெடக்குல்ல" என்றார்.

ஆக, சாமிக்கு வைக்கிற தாடி, மார்க்கத்துக்கு வைக்கிற தாடி, அப்பன் செத்ததற்கு வைக்கிற தாடி, பொண்ணு கிடைக்காததற்கு வைக்கிற தாடி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதன் மேலும் எனக்குப் பகை இல்லை. நம் வேலையில் தாடிக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது மூச்சுக் காற்று சிலிண்டரோடு மாட்டுகிற மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு. அந்த விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் ஒட்டாது. சிலிண்டர் காற்று வெளியே கசிந்து பாதி வழியில் தீரும், விஷக் காற்று உள்ளே வரும். இதை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

ஈஸ்வரன் என்று ஒருவன் என்னிடம் வேலை பார்த்தான். கோம்பைக்காரன். ஆள் ஒல்லி, ஆனால் கயிற்றைப் பிடித்து இறங்கினான் என்றால் மேலே இருக்கிற நமக்குப் பயமே வராது. அவனும் கதிரேசனும்தான் மாஸ்க் மாட்டி இறங்குவதில் என்னுடைய முதல் இரண்டு ஆட்கள். அப்படிப்பட்டவன் திடீரென்று தாடி வளர்க்க ஆரம்பித்தான். சொல்லிப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மெமோ கொடுப்பேன் என்றேன். மறுநாள் அவன் வரவில்லை, அவனுடைய மாமியார் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"அய்யா, எம்மகளுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்காமப் போயிருச்சு. இது மூணாவது. பொண்டாட்டி வயித்துப்பிள்ளையோட இருக்கையில புருசன் தாடி எடுக்கக் கூடாதுன்னு எங்க வழக்கம். போன தடவ இவரு டூட்டி டூட்டின்னு எடுத்துப்புட்டாரு. என்ன ஆச்சு? இந்தத் தடவையும் எடுக்கச் சொன்னீகன்னா, நான் இங்கனயே உக்காந்துக்குவேன். போலீசக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேன்."

எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை கிடையாது. தாடிக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அந்த அம்மா கண்ணில் தண்ணீர் நிற்கிறது, பேச்சில் மட்டும் அதட்டல். "சரி ஆத்தா, எடுக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளை பிறக்குற வரைக்கும் அவன் மாஸ்க் போட வேண்டாம், கயிறு பிடிக்கட்டும்" என்று வாக்குக் கொடுத்தேன். வேறொரு வீரரை அவன் இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஈஸ்வரன் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மேகமலைச் சரிவில் தீப்பிடித்து, அந்த மாற்று வீரர் காலையிலேயே வனத்துறைக்காரர்களோடு போய்விட்டார். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு. கிணற்றுக்குள் ஆட்கள் விழுந்துவிட்டார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் யாரும் தவறி விழவில்லை. தூர் வாருவதற்காக ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் பாறைத் திட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். அந்தப் புகை ஆழத்தில் அப்படியே தங்கிவிட்டது. அந்தத் தோட்டத்து அண்ணன் தம்பி இருவரில், இன்ஜினை நிறுத்த இறங்கிய அண்ணன் சுருண்டு விழுந்திருக்கிறார். தூக்க இறங்கிய தம்பியும் அவர் பக்கத்திலேயே விழுந்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவதாக ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நிற்கிறான்! பாய் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, நான் குதித்து ஓடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்துவிட்டது.

கதிரேசன் மாஸ்க் மாட்டி இறங்கினான். தம்பியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். மூச்சு இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கி விடும்போது பாறையில் மோதிக் கதிரேசனுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவனையும் நாங்கள்தான் இழுத்து மேலேற்றினோம். வலது கை தொங்குகிறது, முகம் வெளுத்துப்போய், "அண்ணன் கெடக்காரு சார். உசுரு இருக்கான்னு பாக்க முடியல" என்றான்.

அண்ணன் கீழே. மேலே அவருடைய மனைவி. தமிழ்ச்செல்வி என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், அந்தப் பெண் மட்டும் அழாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு மாஸ்க் செட் வண்டியில் முழுக் காற்றோடு இருக்கிறது. போட ஆள் இல்லை. பாய்க்குத் தாடி. மற்ற இருவருக்கு மாஸ்க் பயிற்சி கிடையாது. அவர்களை இறக்கினால் இன்னும் இரண்டு பிணம். நான் செட்டை எடுத்துத் தோளில் போட்டேன். ஈஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு நீங்க. ஒருத்தரத் தூக்குற எடத்துல ரெண்டு பேரத் தூக்க வேண்டியிருக்கும் சார்" என்றான். செட்டை உருவிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்: "சேவிங் செட்டு யாரு வீட்ல இருக்கு? ஓடுங்க!"

தமிழ்ச்செல்விதான் ஓடினார். தோட்டத்து வீடு பக்கத்தில்தான், கூப்பிடு தூரம். அங்கே அவர் கணவருடைய சேவிங் செட் இருந்தது. அவர் வருவதற்குள் ஈஸ்வரன் முதலுதவிப் பெட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, கண்ணாடிகூட இல்லாமல் ஒரு பக்கத் தாடியைக் கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்டான். கூட்டத்தில் ஒரு கோம்பைக்காரர் இருந்திருக்கிறார், அவனைத் தெரிந்தவர். "ஏப்பா, ஒம்பொண்டாட்டி மாசமால்ல இருக்கு? அதுக்கு வச்ச தாடிய எடுக்குற?" என்று பதறிக் கேட்டார். கேட்டது சரியாகத் தமிழ்ச்செல்வி திரும்பி வந்து சேர்ந்த நேரத்தில்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டார். நீட்டின கையை மடக்கி, அந்தச் சேவிங் செட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் தர மாட்டேன்" என்றார்.

தம்பிகளா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ தீ, எத்தனையோ சாவு பார்த்தவன் நான். கை கால் ஓடாமல் நின்றது அன்றைக்குத்தான். கீழே கிடப்பது அவருடைய புருசன்! "என்னம்மா பேசுற நீ?" என்று கத்திவிட்டேன்.

"எங்க வீட்டுக் கஷ்டம் எங்களோட போகட்டும் சார். எங்களுக்காக இன்னொருத்தி வயித்துப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு போய்க் கழுவுவேன்? வேற ஆளப் பாருங்க."

"வேற ஆள் இல்லம்மா!"

அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடுங்கலாமா? ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து கையை விட்டுப் பிடுங்குவதா? கூட்டத்தில் பாதிப் பேர் 'குடும்மா' என்கிறார்கள், பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்வரன்தான் முன்னால் போனான். குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, இங்கன பாருங்க. பாதிய வெட்டியாச்சு. இனி மீதிய வச்சு நான் என்னத்தப் பண்ணப் போறேன்? ஆனது ஆயிருச்சு. குடுங்க."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் தாறுமாறாகக் கத்தரித்த மொட்டை. கை தளர்ந்தது. ஈஸ்வரன் வாங்கி, தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்து, சோப்புகூட இல்லாமல் வறட்டு வறட்டென்று இழுத்தான். கன்னத்திலும் தாடையிலும் ரத்தம். நான் மாஸ்க்கை மாட்டி, காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். முகத்தோடு கவ்விப் பிடித்தது. இறங்கினான்.

அண்ணனை மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் இருந்தது. தேனி ஆஸ்பத்திரியில் போய்விட்டது. தம்பி பிழைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஈஸ்வரனை வீட்டுக்கு அனுப்பினேன். வெட்டும் கீறலுமாக, மழித்த முகத்தோடு போனான். மறுநாள் காலையில் மாமியார் வந்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். "வாக்குக் குடுத்தீகல்ல? எடுக்கச் சொல்ல மாட்டேன்னு சொன்னீகல்ல? பெரிய மனுசன் பேச்சா இது?" என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான். காதர் பாய்தான் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "ஆத்தா, ஒக்காருங்க. சார் சொல்லல. யாரும் சொல்லல. கெணத்துக்குள்ள கெடந்தவுக பொஞ்சாதியே வேணாம்னுதான் சொன்னாக" என்றார். நடந்தது முழுவதையும் சொன்னார். அந்த அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அந்தப் புள்ளையா அப்படிச் சொல்லுச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

கணவருடைய கருமாதி முடிந்ததும் தமிழ்ச்செல்வி நிலையத்துக்கு வந்தார். நிவாரணத்துக்குச் சான்று கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, என்னென்ன தாள் வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதுக்கு வரல சார். அந்தத் தாடி எடுத்த தம்பி வீட்ல எப்படி இருக்காக? வயித்துப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்றார். அவருடைய புருசன் இறந்து தாலி அறுத்த கழுத்தோடு வந்து நிற்கிற பெண், தம்பிகளா. நல்லா இருக்கிறார்கள் என்றேன். அப்புறமும் அவ்வப்போது வந்தார். வாசலிலேயே நின்று, அதே கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போவார். ஒரு நாளும் வேறு பேச்சுப் பேசியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாடி வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கோ, மனைவிக்கோ, அழகுக்கோ, எதற்கோ. ஆனால் அதை அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் இடத்துக்கு ஒரு ஆளை அல்ல, இரண்டு ஆளைப் போடச் சொல்லிச் சண்டை போடுங்கள். ஒருவர் மலைக்குப் போனாலும் இன்னொருவர் இருக்க வேண்டும். எடுப்பதா, வைத்திருப்பதா என்பதை உங்கள் வீட்டுக்குள் நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். அந்த முடிவைக் கிணற்று மேட்டில் நிற்கிற அடுத்தவன் மனைவியின் கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அன்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதைத்தான் செய்தோம்.

ஈஸ்வரனுக்குக் கம்பம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நானும் பாயும் பார்க்கப் போனோம். வராந்தாவின் கடைசியில், சுவரை ஒட்டி, தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்களோ, எப்படித் தெரிந்ததோ. உள்ளே வாம்மா என்றேன். "நான் வரக் கூடாது சார். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போயிருவேன்" என்றார்.

அதற்குள் கதவு திறந்தது. மாமியார். இந்த அம்மா என்ன ஆட்டம் ஆடப் போகிறதோ என்று நினைத்தேன். அவர் நேரே தமிழ்ச்செல்வியிடம் போய்க் கையைப் பிடித்தார். "நீ வராம வேற யாரு ஆத்தா வர்றது? வா உள்ள" என்று இழுத்துக்கொண்டு போனார். ஈஸ்வரனின் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. குழந்தையை எடுத்துத் தமிழ்ச்செல்வி மடியில் வைத்தது.

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். கை விரல்களைத் தொட்டுப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், நெற்றியை, காதுகளைப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தது. குழந்தை கொட்டாவி விட்டது. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். "அப்ப அன்னைக்குக் கேட்டவொடனே நான் குடுத்திருக்கலாம்ல?"

அன்று கிணற்று மேட்டில் அழாதவர், யாரோ பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன் புருசனுக்காக அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.